இந்தி தெரிந்தவர்

மைக் கைக்கு வந்த பிறகுதான் நூலக உதவியாளருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அரங்கில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. விளக்கை அணைக்க வேண்டியதுதான் பாக்கி.

விஷயம் சின்னதுதான். நூலகத்தில் மாதம் ஒருமுறை பிறமொழிப் படம் போடுவார்கள். படத்துக்கு அடியில் தமிழ் எழுத்து ஓடும். இந்த மாதம் ஒரு பழைய இந்தி நடிகரின் படம். அவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகியும் அவர் போட்ட வேஷங்களைப் பற்றி யாராவது எங்கேயாவது எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டுரையைப் படித்துச் சொக்கிப்போய் நூலகத் தலைவர் இந்தப் படத்தை வரவழைத்திருந்தார். பென்டிரைவ் வந்தது. படத்தில் தமிழ் எழுத்து இல்லை.

தலைவர் அதற்கெல்லாம் அசரவில்லை.

"எழுத்து இல்லேன்னா என்ன? நம்மகிட்டதான் இந்தி தெரிஞ்சவர் இருக்காரே. மைக்கைப் பிடிச்சு காட்சிக்குக் காட்சி கதையைச் சொல்லிடட்டும்."

இந்தி தெரிந்தவர் என்று அவர் சொன்னது நம் உதவியாளரைத்தான். உதவியாளருக்குத் தெரிந்த இந்தி மூன்று சொல். அதில் ஒன்றுக்கு அர்த்தம் நிச்சயமில்லை. வேலைக்கு நேர்காணல் நடந்தபோது, தனக்கு முன்னால் போன ஆள் நாலு மொழி சொன்னதாகக் காதில் விழுந்தது. அந்த வேகத்தில் இவரும் கடைசியாக "இந்தி" என்று ஒன்றைச் சேர்த்துவைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த யாருக்கும் இந்தி தெரியாது என்ற தைரியம். பொய் அன்றைக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வேலை இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. மனைவிக்கு ஏழாம் மாதம். குடியிருப்பது மச்சான் வீட்டு முன்னறையில், ஒரு திரைச்சீலைக்குப் பின்னால். மச்சான் தண்ணீர் குடிக்கப் போவதானாலும் திரையை விலக்கிக்கொண்டு இவர்கள் கட்டிலைச் சுற்றித்தான் போகவேண்டும். போகிறவர் சும்மாவும் போகமாட்டார். "என்ன மாப்ள, இன்னும் தற்காலிகம்தானா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார். இரண்டு தெரு தள்ளி, ஜன்னல் வைத்த இரண்டு அறை ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் வேலை நிரந்தரமானதும் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த ஜன்னலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் உதவியாளர் மைக்கை வாங்கினார். மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கணவனுக்கு இவ்வளவு இந்தி தெரியும் என்பது அவளுக்கே இன்றைக்குத்தான் தெரியும். முகமெல்லாம் பெருமை.

பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கொம்புதான் இருந்தது. படத்தில் நடிகர் பள்ளிக்கூட வாத்தியாராக வருகிறார் என்று கட்டுரையில் இருந்ததாகத் தலைவர் சொல்லியிருந்தார். வாத்தியார், பிள்ளைகள், கரும்பலகை. அதை வைத்து ஓட்டிவிடலாம்.

விளக்கு அணைந்தது. கறுப்புத் திரையில் இந்தியில் ஒரு வரி வந்து நின்றது. அரங்கு மொத்தமும் இவரைப் பார்த்தது.

"இது ஓர் உண்மைக் கதைன்னு போட்டிருக்கு" என்றார் உதவியாளர்.

ரயில் நிலையம். தலையில் பெரிய பெட்டியோடு நடிகர் வந்தார். வாத்தியார் பெட்டி தூக்குவானேன் என்று உதவியாளர் ஒரு கணம் திகைத்தார். வாத்தியார் வேலை கிடைக்கும்வரை சுமை தூக்குகிறார் என்று சொல்லி வைத்தார். ரயில் ஜன்னலில் ஒரு பெண். அவளும் பார்த்தாள், நடிகரும் பார்த்தார், இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் முட்டியது. இந்திப் படத்தில் இரண்டு பேர் பார்த்த மாத்திரத்தில் அழுதால் அவர்கள் சின்ன வயதில் பிரிந்துபோன அண்ணன் தங்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று உதவியாளர் கணக்குப் போட்டார். அப்படியே சொல்லியும் விட்டார். அரங்கில் உச்சுக்கொட்டினார்கள்.

அடுத்த நிமிடம் அண்ணனும் தங்கையும் மழையில் ஒரே குடைக்குள் ஒண்டிக்கொண்டு காதல் பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள்.

முன்வரிசையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே படம் பார்க்கும் அம்மா ஒருவர் உண்டு. எந்தப் படத்துக்கும் வருவார், எதையும் கேட்காமல் விடமாட்டார். அவர் ஊசி நின்றது.

"ஏன் தம்பி, தங்கச்சின்னீங்களே?"

"அப்படித்தாங்க அவங்களும் நினைச்சுக்கிட்டிருந்தாங்க. இப்பதான் விசாரிச்சதுல சொந்தமே இல்லேன்னு தெரிஞ்சுது. அந்தச் சந்தோஷத்துலதான் பாடுறாங்க."

ஊசி மறுபடி ஓடியது. உதவியாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தற்செயலாகப் பின்பக்கம் பார்த்தார். படம் ஓட்டும் அறையின் சின்ன ஜன்னலில், புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்கிற அக்காவின் முகம் தெரிந்தது. அக்கா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாகப் படம் ஓட்டுகிறவர். அவருக்கு இந்தி தெரிந்திருக்கும், தன் வண்டவாளமும் தெரிந்துவிட்டது என்று உதவியாளர் முடிவே கட்டிவிட்டார்.

திரை இருண்டது. இன்னொரு வரி வந்தது. 'பல வருஷங்களுக்குப் பிறகு' என்று படித்தார் உதவியாளர்.

நல்லவேளை, அது பொருந்தியது. நடிகர் தலையெல்லாம் நரைத்து, கறுப்பு அங்கியில், நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். பகலில் பெட்டி தூக்கி, ராத்திரியில் சட்டம் படித்து முன்னுக்கு வந்துவிட்டார் என்று சொன்னதும் கைதட்டல். மனைவிதான் முதலில் தட்டினாள். தலைவர் மட்டும் பின்வரிசையிலிருந்து, வாத்தியார் எப்போது ஆவார் என்று கேட்டார். சட்டத்தை முடித்துவிட்டுத்தான் ஆவார் என்று உதவியாளர் சமாளித்தார்.

மறுபடி இருட்டு, மறுபடி ஒரு வரி. நரைத்த நீதிபதி இருபது வயதுப் பையனாகிக் கட்டம்போட்ட சட்டையும் அரும்பு மீசையுமாக ஓடினார். கையில் யாரோ ஒருவருடைய பை. பின்னால் போலீஸ்.

இதை எதோடு ஒட்டுவது என்று உதவியாளருக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு பொய் சொல்லிப் பிழைத்தவனுக்கு அடுத்தது கொஞ்சம் சுலபமாகவே வரும்.

"இது நீதிபதியோட மகன்" என்றார். "அப்பா நீதிபதி, பிள்ளை திருடன். நாளைக்கு அப்பா முன்னாடியே போய் நிக்கப்போறான் பாருங்க."

அரங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஸ்வெட்டர் அம்மா, பையனைப் பெற்றவள் எங்கே, குடைக்குள் பாடினாளே, அதற்கப்புறம் ஆளையே காணோமே என்று கேட்டார். பிள்ளை திருடனாகிவிட்ட அவமானத்தில் அவள் வெளியிலேயே வருவதில்லை, அதனால்தான் காட்டவில்லை என்று பதில் வந்தது. அந்த அம்மாவுக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

ஆனால் அப்பா முன்னால் மகன் நிற்கவே இல்லை. இன்னொரு வரி. அதற்கப்புறம் மீசையில்லாத நடிகர், கண் தெரியாதவராகக் கையில் வயலினோடு வந்தார். ஒரு சின்னப் பெண் அவர் விரலைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். ஓடும்போது விழுந்து அடிபட்டதில் பார்வை போய்விட்டது, மனம் திருந்தி மீசையை எடுத்துவிட்டான், பையைப் பறிகொடுத்தவரின் பேத்திதான் இந்தக் குழந்தை, இவனை மன்னித்துவிட்டாள் என்று உதவியாளர் ஒரே மூச்சில் மூன்று ஓட்டையை அடைத்தார். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஜன்னலில் அக்கா இப்போது இரண்டு கையையும் பலமாக ஆட்டிக்கொண்டிருந்தார். நிறுத்து, நிறுத்து என்று சொல்வதாகத்தான் உதவியாளருக்குப் பட்டது. நிறுத்தினால் ஜன்னல் வைத்த வீடு போய்விடும். அவர் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வரிக்குப் பிறகு பனி கொட்டியது. தாடி வளர்ந்த நடிகர் ஒரு வீட்டு வாசற்படியில் விழுந்து, இருமி, கையிலிருந்த பாட்டிலை நழுவவிட்டுச் செத்துப்போனார். கதவைத் திறந்த பெண் ஒருத்தி அலறினாள். இதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. உதவியாளர் மெல்ல, "மகன் இறந்துட்டான்" என்று மட்டும் சொன்னார்.

அரங்கு முழுவதும் அழுதது. ஸ்வெட்டர் அம்மா பாதி பின்னிய ஸ்வெட்டர் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு தேம்பினாள். அதைப் பார்த்ததும் உதவியாளர் தான் செய்ததைக் கூட்டிப் பார்த்தார். யாரென்றே தெரியாத ஒருவனைத் திருடனாக்கி, குருடனாக்கி, பனியில் போட்டுக் கொன்றாயிற்று. கர்ப்பமாக இருக்கிற பெண்ணை அழவைத்தும் ஆயிற்று. எப்படியோ படம் முடிந்ததே என்று விளக்குப் போடச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

படம் முடியவில்லை. இன்னொரு வரி வந்து போனது. திரை முழுக்க, முதல்முறையாக, பளீரென்று வண்ணம். பச்சை மலை, நீல வானம். செத்துப்போன ஆள் வெள்ளைக் குதிரையில் ஏறி, உரக்கப் பாடிக்கொண்டு வந்தார்.

அத்தனை தலையும் மைக்கின் பக்கம் திரும்பியது.

இந்த இடத்தில்தான் உதவியாளர் மாறிப்போனார். பயத்துக்கும் ஓர் எல்லை உண்டுபோலிருக்கிறது. அதைத் தாண்டியதும் மனைவியின் ஈர முகம் மட்டும்தான் கண்ணில் பட்டது. இனி இந்தப் படத்தில் ஒருத்தரும் சாகக்கூடாது என்று அவர் தீர்மானம் செய்துகொண்டார். டைரக்டர் என்ன நினைத்தாரோ, அது அவர் பாடு.

"சாகலைங்க. அந்தப் பொண்ணு அவசரப்பட்டு அழுதுட்டா, நானும் நம்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்க் காப்பாத்தியாச்சு, கண் ஆபரேஷனும் பண்ணியாச்சு. இவ்வளவு நேரம் அவருக்கு உலகமே கறுப்பு வெள்ளையா இருந்துச்சு. இப்பதான் பார்வை வந்திருக்கு. அதான் கலர்."

அரங்கு எழுந்து நின்று தட்டியது. மனைவி அழுத கண்ணோடு சிரித்தாள். ஜன்னலில் அக்கா ஆடிய கையை அப்படியே நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தபடி பார்த்தார்.

அதற்கப்புறம் உதவியாளருக்குத் தடையே இல்லை. நடிகர் போலீஸ் உடுப்பில் வந்தபோது, திருடனுக்குத்தான் திருடர்களின் வழி தெரியும் என்று அரசாங்கமே கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டது என்றார். நிரந்தர வேலை என்று அழுத்திச் சொன்னார். கடைசியில் நடிகர் வயதான தகப்பனாக வந்தார். கல்யாணக் கோலத்தில் ஒரு பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெறும் தெருவைப் பார்த்து நின்று லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உதவியாளர் மைக்கைக் கீழே இறக்கினார். அந்த மனுஷனுக்கு எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை.

"பொண்ணு யாருன்னு தெரியுதா?" என்றார் பிறகு, மைக்கை உயர்த்தி. "கண்ணு தெரியாதப்போ விரலைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாளே, அந்தக் குழந்தை. இவர்தான் வளர்த்து ஆளாக்கிக் கட்டிக்கொடுக்கிறார்."

விளக்கு எரிந்தபோது ஒருத்தர் கைக்குட்டையும் உலர்ந்திருக்கவில்லை. தலைவர் மேடைக்கு வந்தார். மைக்கை வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு சந்தேகம் என்றார்.

"கட்டுரையில வாத்தியார்னு போட்டிருந்ததே. கடைசிவரைக்கும் வாத்தியார் வரவே இல்லையே?"

உதவியாளர் திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் நமக்குப் பாடம் நடத்தினது யாரு சார்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தும் பயனில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். கமிட்டிக்காரர்கள் எல்லாரும் அரங்கில்தான் இருக்கிறார்கள், திங்கட்கிழமைவரை காத்திருப்பானேன், இவர் இன்றுமுதல் நிரந்தரம் என்று அங்கேயே அறிவித்துவிட்டார். கமிட்டிக்காரர்கள் அழுதுகொண்டே கையைத் தூக்கினார்கள். ஸ்வெட்டர் அம்மா, பின்னிக்கொண்டிருந்ததை உதவியாளரின் மனைவி வயிற்றின் மேல் வைத்து அளவு பார்த்துவிட்டு, சின்னதாக முடித்துத் தருகிறேன் என்று சொல்லிப் போனார். மனைவி உதவியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று கேட்டாள்.

உதவியாளருக்குச் சந்தோஷமும் குற்ற உணர்ச்சியும் சரிபாதியாக இருந்தன. நாளைக்கே இந்தி கற்க ஆரம்பித்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். அதற்கான புத்தகம் நூலகத்திலேயே இருக்கிறது. எடுத்துக் கொடுக்கிற ஆளும் அவர்தான்.

அரங்கு காலியானதும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. புரொஜெக்டர் அக்கா இறங்கி நேராக இவரிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. உதவியாளர் மனைவியைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அக்கா வாயைத் திறப்பதற்குள் தானே முந்திக்கொண்டார்.

"அக்கா, உங்ககிட்ட மறைக்க முடியாது. நடந்தது உங்களுக்கே தெரியும். தயவுசெஞ்சு தலைவர்கிட்ட மட்டும்..."

அக்கா அவரை முடிக்கவிடவில்லை. இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் எப்படித் தம்பி சொல்லுவேன், அந்த வாத்தியார் படம் திறக்கவே மாட்டேன்னுடுச்சு, பயத்துல பென்டிரைவ்லயே இருந்த வேறொன்னைப் போட்டுட்டேன், அவர் நடிச்ச எட்டு படத்துலேருந்து, படத்துப் பேரையும் போட்டு, ஒவ்வொரு காட்சியா வெட்டி ஒட்டினது, இந்தி தெரிஞ்ச நீங்க முதல் நிமிஷமே கண்டுபிடிச்சும் என்னைக் காட்டிக்கொடுக்காம எட்டையும் ஒரே கதையாக்கி என் வேலையைக் காப்பாத்திட்டீங்களே!"