‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லக் கூடாது

“நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டாள் மனைவி.

“நல்லா இருக்கேன்” என்றார் மாஸ்டர்.

மனைவி கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டெறிந்தாள். காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை.

“போச்சு! நாளைக்கு ஆபீஸ்லயும் இதையே சொல்லுங்க. அவங்களும் சந்தோஷமா எழுதி அனுப்பிடுவாங்க.”

“வாயில வந்துடுச்சு.”

“அந்த வாயாலதானே எல்லாம் போச்சு.”

அவள் சொன்னதில் தப்பில்லை. மாஸ்டர் முப்பது வருடம் தையல் கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன்னால் கழுத்தில் ஒரு நரம்பு நசுங்கி, வலது கை விரல்கள் மூடமாட்டோம் என்று சொல்லிவிட்டன. பார்வைக்குக் கை முழுசாக, லட்சணமாகத்தான் இருக்கும். வேலை மட்டும் செய்யாது. அதன் பிறகு இயலாமை உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. அதில்தான் வீடும் நடந்தது, அடுப்பும் எரிந்தது.

மூன்று மாதங்களுக்கு முன்பு ஓர் அதிகாரி வீட்டுக்கே பரிசோதிக்க வந்தார். வந்தவர் மரியாதைக்கு “நல்லா இருக்கீங்களா?” என்றார். மாஸ்டரும் மரியாதைக்கு “நல்லா இருக்கேன்” என்றார்.

“கை எப்படி இருக்கு?”

“பரவாயில்லை சார்.”

“சட்டைப் பொத்தானெல்லாம் நீங்களே போட்டுக்குவீங்களா?”

“அதெல்லாம் ஆயிடும் சார்.”

தையல்காரர் வாயில் ‘முடியாது’ என்ற சொல் வருமா? நாளைக்குக் கல்யாணம், இன்றைக்குத் துணி கொண்டுவந்தால்கூட ‘ஆயிடும், சாயங்காலம் வாங்க’ என்று சொல்லியே பழகிய வாய் அது. அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, டீயையும் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் கடிதம் வந்தது: ‘பயனாளி தாம் நலமாக இருப்பதாகத் தாமே தெரிவித்தார்.’ உதவித்தொகை நின்றது. மேல்முறையீடு போட்டார்கள். நாளை வியாழக்கிழமை விசாரணை.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. தினமும் காலையில் மாஸ்டருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது மனைவிதான். அது அந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. மனைவியின் தம்பிக்குக்கூடத் தெரியாது. ஊருக்கே சட்டை தைத்தவன் தன் சட்டையைப் பூட்டத் தெரியாமல் நிற்கிறான் என்று நாலு பேர் முன்னால் சொல்வதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று மாஸ்டருக்குத் தோன்றும். மனைவிக்கு அப்படித் தோன்றாது. அடுப்படியில் நிற்கிறவள் அவள்தானே.

அந்தத் தம்பி, அதாவது மாஸ்டரின் மச்சான், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அவர் கைக்குப் போன எந்தக் காகிதமும் லேமினேஷன் ஆகாமல் திரும்பாது. விசாரணைக் கடிதத்தையும் கெட்டி அட்டையில் பசை போட்டு ஒட்டி, மேலே பளபளவென்று லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார்.

“இனிமே கிழியாது, நனையாது மாமா. உங்க பேரன் காலத்துக்கும் இருக்கும்.”

நேரம் என்ற இடத்தில் ‘வியாழன், முற்பகல்’ என்று மட்டும் போட்டிருந்தது. முற்பகல் என்றால் பதினொரு மணி என்று மச்சான் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிறகு, தானே அதிகாரியாக எதிரே உட்கார்ந்து மாஸ்டருக்குப் பயிற்சி கொடுத்தார். மாஸ்டருக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.

“இது சரிப்படாது. மூஞ்சியைப் பார்த்தாத்தானே சிரிப்பு? நான் கடையிலிருந்து போன் பண்றேன். கடைக்கு வர்றவங்க போனை வாங்கியும் பண்ணுவேன். எந்த நம்பர்ல எந்தக் குரல் வரும்னு உங்களுக்குத் தெரியாது. போன் அடிச்சாலே உஷாராயிடணும்.”

“எனக்கு வேண்டாமே மச்சான்.”

“உங்களுக்கு வேண்டாம். எங்கக்காவுக்கு வேணும்.”

அன்று முழுக்கப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. முதலில் ஒரு கட்டைக் குரல்.

“அதிகாரி பேசறேன். நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கேன் மச்சான்.”

அடுத்து மூக்கால் ஒரு குரல். “நல்லா இருக்கேங்க, நீங்க?” என்று விசாரித்தார் மாஸ்டர். பிறகு ஒரு பெண் குரல். கீச்சென்று ஆரம்பித்து, பாதியில் இருமி, இருமும்போது மச்சானாகி, மறுபடி பெண்ணாகியது. ஏழாவது அழைப்பில்தான் மாஸ்டர் ஒருவழியாக “இல்லை” என்றார். மறுமுனையில் கடையே கைதட்டியது.

அந்தச் சூட்டோடு மாஸ்டர் படியிறங்கினார். மாடி வீட்டம்மா எதிரே வந்தாள்.

“என்னங்க, நல்லா இருக்கீங்களா?”

“இல்லை” என்றார் மாஸ்டர் கணீரென்று.

மாடி வீட்டம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். “ஐயையோ! என்ன ஆச்சு?”

“ஒண்ணும் முடியாதுன்னு ஆயிடுச்சு.”

இரண்டாவது பதிலையும் இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில் அவருக்கே பெருமையாக இருந்தது. அரைமணி நேரத்தில் நாலு வீட்டு ஜனம் கூடத்தில் நின்றது. எதிர்வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற தணிக்கைக்காரர், மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, “ரொம்ப நல்ல மனுஷனா இருந்தீங்க” என்று தழுதழுத்தார். ஒருத்தி மனைவியைத் தனியாக அழைத்துப்போய், சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாச்சா என்று கேட்டாள்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “ஐயோ, அவருக்கு ஒண்ணுமே இல்லைங்க! நல்லா இருக்கார்! ஜம்முனு இருக்கார்!” என்று கத்திவிட்டாள்.

தணிக்கைக்காரர் மாஸ்டரின் கையை விட்டுவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“ஜம்முனு இருக்கார்னா, அப்புறம் நாளைக்கு எதுக்கு விசாரணை?”

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். போகிற போக்கில் எல்லோரும் மாஸ்டரின் வலது கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். மாஸ்டர் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சட்டைச் சண்டையில் விடிந்தது. மனைவி ஒரு சாயம்போன, கசங்கிய சட்டையை எடுத்து வைத்திருந்தாள். மாஸ்டருக்கு நீலச் சட்டை வேண்டும். கை நன்றாக இருந்த காலத்தில் தனக்கென்று அவரே வெட்டித் தைத்த கடைசிச் சட்டை.

“கசங்கின சட்டையில போனா யாரைத் திட்டுவாங்க தெரியுமா? தைச்சவனைத்தான்.”

“இஸ்திரி மடிப்போட போனா, கைக்கு என்ன குறைச்சல்னு எழுதுவாங்க.”

“எழுதட்டும்.”

“எழுதட்டுமா? சரி. அப்போ பொத்தானையும் நீங்களே போட்டுக்கங்க!”

சொல்லிவிட்டு அவள் டாக்ஸி பார்க்கப் போய்விட்டாள். கதவு சாத்திய வேகத்தில் லேமினேட் செய்த கடிதம் அலமாரியிலிருந்து விழுந்தது. அது கிழியவில்லை. மச்சான் சொன்னது உண்மைதான்.

மாஸ்டர் கண்ணாடி முன்னால் நின்றார். நீலச் சட்டையைத் தோளில் ஏற்றிவிட்டார். பொத்தானை இடது கையால் தள்ளினார். பொத்தான் துளையை, அதாவது காஜாவை, பிடிக்க வேண்டிய வலது கை சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. பொத்தான் உள்ளே போவது மாதிரி போய் வெளியே வந்தது. அந்தக் காஜாவை ஊசி பிடித்து எடுத்தவர் அவர்தான். இப்போது அதே காஜாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பத்து நிமிஷம் போயிற்று. நெற்றி வியர்த்தது. ஒரு பொத்தான்கூட ஏறவில்லை.

போன் அடித்தது. புது நம்பர்.

“வணக்கம்” என்றது ஒரு பெண் குரல். “உதவித்தொகை விசாரணைக்காகப் பேசறேன். நல்லா இருக்கீங்களா?”

மாஸ்டருக்கு வந்த ஆத்திரம் இவ்வளவு அவ்வளவு இல்லை.

“உனக்கு மனசாட்சி இருக்கா மச்சான்? கிளம்பற நேரத்துலயும் இந்தக் கூத்தா? நல்லா இல்லைய்யா! போதுமா? இங்க கண்ணாடி முன்னாடி திறந்த சட்டையோட நிக்கறேன். பத்து நிமிஷமா ஒரு பொத்தான் ஏறல. உங்கக்காதான் ரெண்டு வருஷமா போட்டு விடறா. உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இப்போ தெரிஞ்சுக்கோ!”

“சாப்பாடு?” என்று கேட்டது குரல்.

“இடது கையில ஸ்பூன். பாதி மடியில.”

“கத்தரி பிடிக்க முடியுதா?”

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தார். இதை யாரும் இதுவரை அவரிடம் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தது இதைத்தான்.

“கத்தரி பீரோவுல இருக்கு” என்றார். “துணியில சுத்தி வெச்சிருக்கேன். உங்கக்கா கடைக்குப் போற நேரம் பார்த்து எடுப்பேன். விரலை உள்ளே விடுவேன். மூடாது. திருப்பி வெச்சுடுவேன். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை. இதை அந்த அதிகாரிகிட்ட எப்படிச் சொல்றது, சொல்லு. ‘ஆயிடும்’னுதான் வாயில வருது. ஒருநாள் ஆயிடும்னு ஒரு நப்பாசை, அதான்.”

“சரி” என்றது குரல் மெதுவாக. “வேற ஏதாவது சொல்லணுமா?”

மாஸ்டருக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருந்தது. பாவம், இவனும் அக்காவுக்காகத்தானே இந்தப் பாடு படுகிறான்.

“சொல்லணும். நேத்தை விட இன்னிக்குப் பொம்பளைக் குரல் பிரமாதம். வை போனை.”

மனைவி திரும்பி வந்தவள், திறந்த சட்டையைப் பார்த்தாள். அருகில் வந்து, நீலச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானில் விரலை வைத்தபடி, “நல்லாத்தான் இருக்கு இந்தச் சட்டை” என்றாள்.

மச்சான் வாசலில் கழுத்தைச் சுற்றி மப்ளரோடு டாக்ஸியில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. சட்டைப் பொத்தான் விஷயம் அவனை உலுக்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர். சன்னல் பக்கம் திரும்பியபடி, “காலையில கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே” என்றார்.

மச்சான் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

“அவனுக்குத் தொண்டை கட்டிடுச்சு” என்றாள் மனைவி. “அத்தனை குரல்ல கத்தினா? உங்களுக்காகப் பேச வெச்சிருந்த ஒரே ஆளும் போச்சு.”

இனி மாஸ்டரேதான் பேசியாக வேண்டும்.

அலுவலகக் கூடத்தில் வரிசையாகப் பெஞ்சுகள். அந்தக் கோடியில் ஒரு கவுன்டர். அதற்குப் பக்கத்தில், ‘விசாரணை அதிகாரி’ என்று பலகை மாட்டிய அறை. கதவு திறந்தே இருந்தது. ‘நல்லா இல்லை, முடியாது’ என்று முணுமுணுத்துக்கொண்டே மாஸ்டர் கூடத்துக்குள் நுழைந்தார். வாசல் காவலாளி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“மாஸ்டர்! என்னைத் தெரியலையா? என் கல்யாணத்துக்குக் கோட்டு தைச்சுக் குடுத்தீங்களே! நல்லா இருக்கீங்களா?”

கோட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் மாஸ்டருக்குச் சகலமும் மறந்துபோயிற்று.

“நல்லா இருக்கேன்!” என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. “எனக்கென்ன, ஜோரா இருக்கேன்! கோட்டு எப்படி இருக்கு? இப்போ வயித்துல இறுக்குமே? கொண்டாங்க, ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டுடலாம். சாயங்காலமே ஆயிடும்!”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு மனைவியின் முகம் தெரிந்தது. அவள் திட்டவில்லை. அருகிலிருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள். மச்சான் மப்ளரால் முகத்தை மூடிக்கொண்டார். பலகை மாட்டிய அறைக்குள் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

“அடுத்தது யாருங்க?” என்றார் கவுன்டரிலிருந்த குமாஸ்தா. மாஸ்டர் கடித அட்டையை நீட்டினார். குமாஸ்தா எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

“உங்க விசாரணை முடிஞ்சுடுச்சே.”

“ஐயோ சார்!” மனைவி எழுந்து ஓடிவந்தாள். “அது சும்மா மரியாதைக்குச் சொன்னதுங்க. அவருக்கு அப்படித்தான் வாயில வரும். ஒரு தடவை உள்ளே விடுங்க சார்.”

மாஸ்டர் அவளைப் பார்த்தார், திறந்த கதவைப் பார்த்தார், தன்னையே பார்த்துக்கொண்டிருந்த பெஞ்சுகளையும் காவலாளியையும் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கிக் கவுன்டர் மேல் வைத்தார்.

“என்னால முடியாது சார்” என்றார் சத்தமாக. “நான் நல்லா இல்லை. கோட்டுப் பிரிக்க முடியாது. கத்தரி பிடிக்க முடியாது. இந்தச் சட்டைப் பொத்தான்கூட இவதான் போட்டுவிட்டா. தினமும் இவதான்.”

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியுமே” என்றார் குமாஸ்தா. “எல்லாம் இதுல எழுதியிருக்கே. பீரோவுல இருக்கிற கத்தரி வரைக்கும்.”

“எந்தக் கத்தரி?” என்றாள் மனைவி.

குமாஸ்தா அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் மொழுமொழுவென்று வெறும் அட்டையாக இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தார்.

“பின்பக்கத்தை ஒட்டிட்டீங்களா? விசாரணை போன்லதான்னு அதுலதானே போட்டிருந்தது. உதவித்தொகை தொடரும்னு விசாரணை அதிகாரி மேடம் காலையில உங்ககிட்ட பேசினதுமே உத்தரவு போட்டாச்சு, வீட்டுக்குப் போங்க. அப்புறம், நீங்க நேர்ல வந்தா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க: அது அவங்க சொந்தக் குரல்தானாம்.”