டாஸ் ஜெயிச்ச கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. டாஸ் போடறது.

எங்க வேங்கிக்கால் ஆபீஸ் ஃபுட்பால் டீமுக்கு நான்தான் கேப்டன். ஆட்டத்துக்காக இல்ல, சர்வீஸ்ல சீனியர்ங்கறதுக்காக. பால் என் பக்கம் வராம பார்த்துக்கணும்னு டீமுக்குள்ள ஒரு ஏற்பாடே இருந்தது.

எதிர் டீம் கீழ்பென்னாத்தூர். ரெண்டு வருஷமா அவங்ககிட்ட தோத்துட்டிருந்தோம். இன்னொரு தடவை தோத்தா டீமைக் கலைச்சுட்டு கேரம் போர்டு வாங்கிடலாம்னு ஆபீஸ்ல பேச்சு.

எங்க கோல்கீப்பர் ஏழுமலை காலையிலேயே என் சீட்டுக்கு வந்தான். "டாஸ் ஜெயிச்சா மலைப் பக்கம் கோலை எடுங்க சார். வேற எதுவும் யோசிக்காதீங்க."

நான் யோசிச்சேன்.

செங்கம் ரோட்டுல என் வீட்டு மாடியில ஒரு அமெரிக்கக்காரர் குடியிருந்தார். தியானம் பண்ண வந்தவர், ஜாஸ்தி பேச மாட்டார். முந்தின நாள் ஃபுட்பால் மேட்ச்னு சொன்னப்ப மட்டும் அரை மணி நேரம் பேசினார். அவங்க ஊர்ல விவரமான கேப்டன் டாஸ் ஜெயிச்சா எதையும் உடனே எடுக்க மாட்டானாம். எதிராளிக்கு விட்டுட்டு, ரெண்டாவது பாதிக்குத் தன் உரிமையை வச்சுப்பானாம்.

எனக்கு அது ரொம்ப உசத்தியா பட்டது.

சாயந்திரம் தலை கேட்டேன், தலையே விழுந்தது. ரெஃப்ரியா வந்த பி.டி. மாஸ்டர் என்ன வேணும்னு கேட்டார்.

"இப்ப எதுவும் வேணாங்க. ரெண்டாவது பாதியில எடுத்துக்கறேன்."

அப்படியொரு ரூல் கிடையாதுன்னார் அவர். அப்ப அவங்களே எடுத்துக்கட்டும்னுட்டேன்.

கீழ்பென்னாத்தூர் கேப்டன் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் மலைப் பக்கத்தைக் காட்டிட்டு, "ரொம்ப தேங்க்ஸுங்க"ன்னார்.

விசில் ஊதினதும்தான் விஷயம் புரிஞ்சது. மலைக்கு மேல நின்ன வெயில் நேரா ஏழுமலை கண்ணுல அடிச்சது. முதல் கோல் போனது அவனுக்குத் தெரியவே இல்ல, சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். ரெண்டாவதுக்கு எதிர்ப்பக்கம் பாய்ஞ்சான். மூணாவதுக்கு ஒரு கையை நெத்தியில வச்சுக்கிட்டு, மிச்சமிருந்த கையால தடுக்கப் பார்த்தான், அதுவும் உள்ள போச்சு.

இடைவேளையில எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிட்டு தண்ணி குடிச்சாங்க. பொறுமையா இருங்க, இப்ப வெயில் அவங்க கண்ணுல அடிக்கும்னு நானா சொன்னேன்.

பக்கம் மாறி நின்னோம். சூரியன் மலைக்குப் பின்னாடி போயிடுச்சு. கிரவுண்டு முழுக்க நல்ல நிழல். அவங்க கோல்கீப்பர் தொப்பியைக் கழட்டி வச்சுட்டு சௌகரியமா நின்னார்.

நாலுக்கு பூஜ்யம். நாலாவது நான் போட்டது, எங்க கோல்லயே.

மேட்ச் பார்க்க வந்திருந்த அமெரிக்கக்காரர் என்கிட்ட வந்தார். எல்லாம் நல்லா இருந்தது, ஆனா ஏன் ஒருத்தர்கூட பாலைக் கையில தூக்கிக்கிட்டு ஓடலன்னு கேட்டார். அவங்க ஊர்ல ஃபுட்பால்னா அதுதானாம்.

ஏழுமலை பக்கத்துல வந்து, "என்ன சார் சொல்றாரு?"ன்னான்.

"நீ நல்லா ஆடினியாம்"னேன்.

பேச்சோட சரி, கேரம் போர்டு வாங்கல. அடுத்த வருஷம் டாஸ் போட ஏழுமலையே போனான்.

டாஸ் தோத்துட்டு வந்தான். எனக்கு ரொம்ப வருத்தமா இருந்ததுன்னு சொன்னா யாரும் நம்பறதில்ல.