பீட்டா சங்கரபாண்டியன்

"அண்ணாச்சி, பில்லு வந்துருச்சா?" லாரி டிரைவர் முனியராஜ் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"இறங்கிக்கிட்டு இருக்குலே."

இறங்கிக்கொண்டிருந்தது பில் அல்ல, பில் போடும் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு. திருத்தங்கல் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் சங்கரபாண்டியனுக்கு எதிலும் தான்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும். அதனால் சோதனைக்கு விடும் பீட்டா பதிப்பில் சேர்ந்திருந்தார். அதுவோ, புதுசை இறக்காமல் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் சாதி.

தீபாவளி சீசன். லோடு ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. சாயங்காலத்துக்குள் பில்லோடு கிளம்பாவிட்டால் ஆர்டரும் போய்விடும், கூடவே சங்கரபாண்டியனும் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஆபீஸ் நெட் நகர்வேனா என்றது. சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குப் பொறுக்குமா? திரையில் இருந்த 'குறைகள்' பெட்டியைத் திறந்து, 'ஃபைல் மிகப் பெரிது. எங்கள் ஊர் நெட்டுக்கு இறங்கவில்லை' என்று காரசாரமாக எழுதி அனுப்பினார். மனசு கொஞ்சம் ஆறியது.

தொண்ணூறு சதவீதம் வந்தபோது அறிவிப்பு வந்தது: புதிய பதிப்பு தயார். பழையது ரத்து.

"அடப் பாவிகளா!"

செல்போன் நெட்டில் இழுக்கலாம். ஆனால் பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் ஆகாது. அது கேட்டில் வாட்ச்மேன் கோட்டைச்சாமியிடம் இருந்தது. சங்கரபாண்டியன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடினார். அங்கே சிக்னல் ஒரே ஒரு கோடு. உயரத்தில் கிடைக்கும் என்று லாரி மேலேயே ஏறிவிட்டார்.

"ஐயையோ, இறங்குங்க! பட்டாசு லோடு மேல செல்போனோட நிக்கீகளே!" கோட்டைச்சாமி விசிலை ஊதினார். பாக்கிங் பெண்கள் நெருப்பு பிடித்துவிட்டதென்று வெளியே ஓடிவந்தார்கள். முதலாளியும் வந்தார். வந்தவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

லாரியிலிருந்து இறங்கிய கையோடு சங்கரபாண்டியன் அதே குறையை மறுபடி எழுதினார், இந்த முறை இரண்டு பத்தி. உடனே இன்னொரு பதிப்பு வந்து நின்றது.

"ஒண்ணு நான், இல்ல அது!" என்று லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தார். விருதுநகரில் மச்சினன் ராம்குமார் வீட்டில் நல்ல நெட் உண்டு. போய்ச் சேர்ந்தால் அங்கே கேபிள் வேலை நடந்துகொண்டிருந்தது.

"என்ன மாமா, வேர்த்து விறுவிறுத்து வாரீக? நெட்டு கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும்."

"இறங்கும். இறக்காம நான் சாப்பிட மாட்டேன்!"

தொண்ணூற்றெட்டு வரை வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தையும் ஆத்திரத்தையும் அடக்க முடியாமல், 'இத்தனை பெரிய ஃபைலை விட உங்களுக்கு மனசாட்சி இல்லையா?' என்று மூன்றாவது குறையையும் தட்டிவிட்டார்.

புதிய பதிப்பு தயார். பழையது ரத்து.

அதே நேரம் முனியராஜிடமிருந்து போன். "அண்ணாச்சி, மொதலாளி லோடை இறக்கச் சொல்லுறாரு!"

சங்கரபாண்டியன் அப்போதும் விடவில்லை. சாஃப்ட்வேர் கம்பெனிக்கே போன் போட்டார்.

"ஏம்மா, ஒரு நாளைக்கு எம்புட்டுத் தடவ புதுசு விடுவீக? இங்க ஒரு மனுசன் வேலையே போகுது!"

எதிர்முனையில் இருந்த அனுப்பிரியா பதறிப்போனாள்.

"சாரி சார்! பீட்டா வச்சிருக்கிறதே நீங்க ஒருத்தர்தான், அதனால ஃபைல் பெருசுன்னு நீங்க எழுதுறப்பல்லாம் எல்லா வேலையையும் போட்டுட்டு, அதைச் சின்னதாக்கி உடனே புதுசு விட்டுக்கிட்டுதான் இருக்கோம் சார்!"