நாறித்தழை

"வளந்திருக்கு சார்," என்றார் வீரையன்.

நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு அவர் அதைச் சொல்லவில்லை. வளர்ந்திருந்தது பயிர் அல்ல, கிருமி. கண்ணாடித் தட்டின் நடுவில் நாறித்தழைச் சாற்றில் நனைத்த ஒரு சின்னக் காகித வட்டம் இருந்தது. தழையில் மருந்து இருந்தால் அந்த வட்டத்தைச் சுற்றிக் கிருமிகள் செத்து, கோலம் போட்ட மாதிரி ஒரு வளையம் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். வளையமும் விழவில்லை, வெங்காயமும் விழவில்லை. கிருமிகள் காகிதத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தன.

அனந்தநாராயணனுக்குக் கோபம் வந்தது. அவனுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. கரண்ட் போனால் கோபம் வரும், வந்தால் ஏன் இவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று வரும். ஆனால் இந்தக் கோபம் நியாயமானது. இது நாலாவது தட்டு.

"தட்டைச் சரியாக் கழுவினீங்களா?"

"நேத்தே கேட்டுட்டீங்க சார். முந்தா நாளும் கேட்டீங்க."

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக அட்டெண்டர் வேலை பார்ப்பவர் வீரையன். இவனைப் போல எத்தனையோ கோபக்காரர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

அனந்தநாராயணன் தஞ்சாவூரில் அந்தக் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் தற்காலிக விரிவுரையாளன். ஆறு வருஷமாகத் தற்காலிகம். ஜூன் முடிவதற்குள் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்தால் வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். துறைத் தலைவி ஞானம் அம்மாள் இதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். அந்த நாற்காலிக்கு ஒரு மந்திரியின் சிபாரிசுக் கடிதத்தோடு ஒருவன் ஏற்கெனவே வந்து அளவு பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

அனந்தநாராயணன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட விஷயம் சேற்றுப்புண். நடவு, களை என்று நாள் முழுக்க வயல் சேற்றில் நிற்கிற பெண்களுக்குக் கால்விரல் இடுக்கில் வெந்து வருமே, அந்தப் புண். பூதலூர் பக்கத்தில் அவன் அப்பா சிவசங்கரன் மிராசுதாராக இருந்த காலத்தில், அவன் தன் கண்ணால் பார்த்திருக்கிறான். புண் வந்த பெண்கள் வாய்க்கால் ஓரத்து நாறித்தழையை அரைத்துக் காலில் அப்பிக்கொண்டு வருவார்கள். பத்தடி தள்ளி நின்றாலே குடலைப் பிடுங்கும் நாற்றம். காலெல்லாம் கறுப்பு. பதினைந்தே நாளில் சுத்தமான காலோடு வயலில் இறங்குவார்கள். முக்கியமாகக் காத்தாயி என்ற பெண்ணின் கால் வெண்ணெய் மாதிரி ஆனதை அவன் மறக்கவே இல்லை.

மருந்து என்றால் கிருமியைக் கொல்ல வேண்டும், மற்றதைக் கொல்லக் கூடாது. இரண்டாவது பாதியை அவன் அமோகமாக நிரூபித்துவிட்டான். பன்னிரண்டு வெள்ளெலிகளுக்கு மூன்று மாதம் சாறு கொடுத்தான். எலிகள் கொழுத்து, குட்டி போட்டு, இப்போது நாற்பத்தொன்று இருந்தன. நாற்றங்கால் மண்ணைத் தொட்டியில் கொண்டுவந்து அதிலும் சாற்றை ஊற்றினான். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தத் தழை போட்ட கால் பட்டால் நாற்று கருகிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு. அப்பா அதைச் சட்டம் மாதிரி கடைப்பிடித்தவர். நாறித்தழை நாற்றம் காற்றில் வந்தாலே போதும், வரப்பில் கூட ஏற விடாமல் அந்தப் பெண்ணை விரட்டிவிடுவார். போகிறவள் வேறு பண்ணைக்குப் போய்விடக் கூடாதே என்று அரைக்கூலி நெல்லையும் அளந்து கொடுப்பார்.

தொட்டியில் நாற்று கருகவில்லை. பச்சைப் பசேலென்று நின்றது. அதை அப்பாவிடம் சொன்னதற்கு, நாற்பது வருஷம் பண்ணையம் பார்த்தவனுக்கு நீ பூந்தொட்டியில் பாடம் எடுக்கிறாயா என்று அவர் ஒரு வாரம் பேசவில்லை.

ஆக, நாறித்தழை எலியைக் கொல்லவில்லை, நாற்றைக் கொல்லவில்லை, கிருமியையும் கொல்லவில்லை. இவ்வளவு சாதுவான மருந்தை வைத்துக்கொண்டு டாக்டர் பட்டம் வாங்க முடியாது.

"நாட்டு மருந்துக் கடைச் சரக்கு சார். எந்தக் காலத்துச் சருகோ," என்றார் வீரையன். "பச்சையா வேணும்."

பச்சையாக வேண்டும் என்றால் ஊருக்குப் போக வேண்டும். அங்கேதான் சிக்கல். நாறித்தழை மண்டிக் கிடந்தது நாலு ஏக்கர் வயலின் வாய்க்கால் வரப்பில். அந்த நாலு ஏக்கர் கோர்ட்டில் இருந்தது. அதை உழுகிற கோவிந்தராசு, நான் குத்தகைக்காரன், சட்டப்படி என் பேரைப் பதிந்து கொடுங்கள் என்றார். குத்தகையாவது மண்ணாவது, அவன் என் கூலியாள் என்றார் சிவசங்கரன். ஒன்பது வருஷமாக இதே பேச்சு. அந்த வரப்பில் காலை வைத்தால் காலை ஒடிப்பேன் என்று அப்பா மகனிடம் சொல்லியிருந்தார். வயல் பக்கம் வந்தால் என்ன செய்வோம் என்று எதிர்த்தரப்பு எதுவும் சொல்லவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

அதனால் அவன் வீரையனை அனுப்பினான். பை ஒன்று, செடியின் உயரம் குறிக்க ஒரு டேப், எழுத ஒரு நோட்டு.

டேப்பை எடுத்து வரப்பில் குனிந்ததுதான் தாமதம், எட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். மிராசுதார் ஆள் விட்டு நிலத்தை அளக்கிறார் என்று ஊருக்கே செய்தி போயிற்று. வீரையனை விவசாயிகள் சங்கக் கொடிக்கம்பத்தடியில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, சாயங்காலம் வரை எழுந்திருக்க விடவில்லை. அதற்குள் தாசில்தாருக்கு ஒரு மனு போய்விட்டது. மறுநாள் வக்கீல் வீட்டிலிருந்து திரும்பிய சிவசங்கரன் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"கேஸ் நடக்கறச்சே அளக்கறதுக்கு ஆள் அனுப்பியிருக்கியே, உனக்கு அறிவிருக்கா?"

"செடியை அளக்கத்தாம்ப்பா."

"ஜட்ஜுகிட்ட போய்ச் சொல்லு. செடியை அளந்தேன்னு."

வீரையனோ இனிமேல் ஆய்வுக்கூட வாசலைத் தாண்டி எங்கும் போவதாக இல்லை என்று சொல்லிவிட்டார். மோர் மட்டும் நன்றாக இருந்ததாம். ஜூன் முடியப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அனந்தநாராயணன் பல்லைக் கடித்துக்கொண்டு தானே பஸ் ஏறினான்.

கோவிந்தராசு சண்டைக்கு வரவில்லை. தாராளமாகப் பறித்துக்கொள்ளுங்கள், ஆனால் நாளைக்குப் பேச்சு வரக் கூடாது, தழைக்காகத்தான் வந்தேன் என்று ரெண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் பறியுங்கள் என்றார். நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து, தானே வாசகமும் சொன்னார்: உங்கள் வயல் வரப்பில் தழை பறிக்க வந்தேன்.

அந்த வாசகம் அனந்தநாராயணனுக்குப் பொறுக்கவில்லை. எந்த வயல்? எந்த வரப்பு? செடி சேகரித்த இடத்தை இப்படியா மொட்டையாக எழுதுவது? ஆறு வருஷமாக மாணவர்கள் இப்படி எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து அடித்து அவன் கை ஓய்ந்திருந்தது. வெயில் வேறு. ஆத்திரத்தோடு பேனாவைத் திறந்து, ஆய்வேட்டில் எழுதுகிற மாதிரி முழுசாக எழுதினான். திரு. கோவிந்தராசு அவர்கள் இருபது ஆண்டுகளாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்து வரும் நாலு ஏக்கர் நஞ்சையின் வடக்கு வரப்பில், அவர் அனுமதியுடன். சர்வே நம்பர் போட்டான். தேதி போட்டான். கையெழுத்துக்குக் கீழே, சிவசங்கரனின் மகன் என்பதையும் சேர்த்தான்.

கோவிந்தராசு அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிறகு தன் ஆட்களையே கூப்பிட்டு, தம்பிக்கு நாலு மூட்டை பறித்துக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னார். இவர்கள் இவ்வளவு நல்லவர்களா என்று அனந்தநாராயணன் வழியெல்லாம் நெகிழ்ந்துபோனான். நாற்றம் தாங்காமல் கண்டக்டர் வல்லத்தில் இறக்கிவிட்டதைக் கூட அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் அந்தக் காகிதத்தின் நகல் அப்பாவின் கையில் இருந்தது. சிவசங்கரன் கத்தவே இல்லை. கூடத்தில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"ஒன்பது வருஷமா குத்தகை இல்லைன்னு நான் சத்தியம் பண்ணிண்டிருக்கேன். நீ சர்வே நம்பரோட எழுதிக் கொடுத்திருக்கே. நாலு ஏக்கரைக் கொடுத்துட்டு நாலு மூட்டை தழை வாங்கிண்டு வந்திருக்கேடா."

வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் நினைத்தான். அந்த நாலு மூட்டையையும் அரைத்து, பிழிந்து, சுண்டக் காய்ச்சி, கறுப்பு மெழுகு மாதிரி ஆக்கினான். இந்தத் தடவை வீரையனை நம்பாமல் தட்டுகளைத் தானே கழுவினான். மறுநாள் காலையில் ஞானம் அம்மாளையும் அழைத்து வந்து தட்டைத் திறந்தான்.

கிருமிகள் முன்னைவிட இரண்டு மடங்கு வளர்ந்திருந்தன. காகித வட்டத்தைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். சத்துணவுக்குத் தட்டேந்தி நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

ஞானம் அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். கிருமி வளர்க்க நல்ல உரம், அந்தத் தலைப்பில் வேண்டுமானால் எழுதலாம் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அனந்தநாராயணன் தட்டை எடுத்துச் சுவரில் அடித்தான். வீரையன் துடைப்பத்தை எடுத்து வந்தார்.

"பக்குவம் ஏதாச்சும் இருக்கும் சார். கூட எதையாவது சேத்து அரைப்பாங்க. போட்டவங்களையே கேட்டா என்ன?"

ஆறு வருஷத்தில் அதை ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லையே என்று அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தை வீரையன் மேல் காட்டிவிட்டு ஓடிப்போய் பஸ் பிடித்தான்.

காத்தாயி கோவிந்தராசுவின் மனைவி. அந்த நாலு ஏக்கரில்தான் குறுவைக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் அவனைச் சின்னய்யா என்று கூப்பிட்டவள், இப்போது வாங்க தம்பி என்றாள். அதற்கும் சுருக்கென்று கோபம் வந்தது அவனுக்கு. வந்த காரியத்தை நினைத்து விழுங்கிக்கொண்டான்.

"தழையை எதோட சேத்து அரைச்சீங்க? மறைக்காம சொல்லுங்க. என் வேலையே போகப் போவுது."

"எதோடயும் இல்ல. அம்மியில வச்சு நாலு இழுப்பு. நாத்தம் வந்தாப் போதும்."

அவன் நம்பவில்லை. எலியில் தொடங்கிக் கிருமி வரை எல்லாவற்றையும் கொட்டினான். தொட்டியில் ஊற்றிப் பார்த்ததையும், நாற்று கூடக் கருகவில்லை என்பதையும் சொன்னபோது காத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து, கையிலிருந்த நாற்று முடியைத் தண்ணீரில் போட்டுவிட்டாள்.

"கருவாதே தம்பி. எப்படிக் கருவும்?"

"அப்புறம் ஏன் கருகும்னு சொன்னீங்க?"

அவள் சிரிப்பு நின்றது. வரப்பில் ஏறி, சேற்றுக் காலை வாய்க்காலில் நனைத்துக் கழுவினாள். விரல் இடுக்குகளில் பழைய தழும்பு வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"முத தடவ புண்ணு வந்தப்ப, கால ஊன முடியல, ரெண்டு நா வீட்டுல இருந்துக்கறேன்னு உங்க அப்பாகிட்டக் கேட்டேன். மண்ணெண்ணெயத் தடவிட்டு எறங்குன்னாரு. எறங்குனேன். எலும்பு தெரிஞ்சுது தம்பி. இன்னிக்கு நெனச்சாலும் வயிறு எரியுது."

கோபம் என்றால் என்ன என்று அப்போதுதான் அவன் பார்த்தான். இருபது வருஷம் ஆகியும் அது ஆறவில்லை. ஆனாலும் ஜூன் முடிய மூன்று நாள்தான் இருந்தது.

"அது தப்புதான், நான் இல்லேங்கல. ஆனா அதுக்கப்புறம் தழை போட்டுப் பதினஞ்சே நாள்ல ஆறிச்சே, அது எப்படி? அதை மட்டும் சொல்லுங்க."

காத்தாயி மிதந்துகொண்டிருந்த நாற்று முடியை எட்டி எடுத்தாள்.

"தழை புண்ணுக்குப் போட்டது இல்ல தம்பி, உங்க அப்பாவுக்குப் போட்டது, நாத்து கருவிடும்னு சொன்னதுக்கப்புறந்தான் அந்த மனுசன் எங்களப் பதினஞ்சு நாளு சேத்துல எறக்காம வீட்டுல ஒக்கார விட்டாரு."