லாபம் தரும் மாடல்

"அறுநூறு யுவானுக்கு விக்கிற போன்ல எனக்கு மிஞ்சறது ஏழு யுவான்! ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்குக் காணாது!" முதலாளி சியாங் மேசையைத் தட்டினார். "அடுத்த வாரம் சிங்மிங் திருநாள். அப்பா கல்லறையைக் கும்பிட ஊருக்குப் போறேன். அதுக்குள்ள எழுபது மிஞ்சணும். இல்லேன்னா இந்த மாடலையும் மூடிடுவேன், உங்க பிரிவையும் மூடிடுவேன்."

"மிஞ்சும் முதலாளி" என்றாள் யுவேலான். சீனாவின் ஷென்ஜென் நகரில் அந்தச் சின்ன போன் கம்பெனியின் அடக்க விலை பார்ப்பவள் அவள்தான். உடும்புப் பிடிக்காரி. விலையை ஏற்ற முடியாது. எதிர்க் கட்டடத்துக்காரன் இதே போனை இதே விலைக்குத் தருகிறான். செலவைத்தான் வெட்ட வேண்டும்.

முதலில் சார்ஜரை எடுத்தாள். பெட்டிக்குள் இடம் காலியாகி போன் கடகடவென்று ஆடியது. கீழே போட்டுப் பார்த்ததில் திரை உடைந்தது. தடித்த அட்டைப் பெட்டி வாங்க வேண்டியதாயிற்று.

அடுத்து உலோக உடம்பைப் பிளாஸ்டிக் ஆக்கினாள். சோதனைப் பிரிவு பெங் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தான்.

"அப்பளமாட்டம் இருக்கே! நம்ம ஜனங்க எடையைப் பார்த்துத்தானே வாங்குவாங்க? திரும்பி வந்து கத்துவாங்க யுவேலான்."

"அவ்வளவுதானே?" என்று உள்ளே ஓர் இரும்புத் தகடு வைத்தாள். எடை வந்தது, சிக்னல் போனது. சிக்னலுக்கு உயர்ந்த ஆன்டெனா போட்டாள். அது பிளாஸ்டிக்கில் மிச்சம் பிடித்ததை விழுங்கி ஏப்பம் விட்டது.

"பேட்டரியைச் சின்னதாக்கு" என்றாள் பெங்கிடம், பல்லைக் கடித்து.

மறுநாள் காலை பெங் வந்தான். "காலையில அலாரம் அடிச்சு என்னை எழுப்பிட்டு அது தூங்கப் போயிடுச்சு. இதுக்கும் திரும்பி வந்து கத்துவாங்க."

வாசல் பெஞ்சில் பூப்போட்ட முன்கை உறை மாட்டிய ஒரு பெண்மணி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணே, ஒரு வார்த்தை..."

"கொஞ்சம் இருங்கக்கா, உயிர் போற வேலை!"

முதலாளி வந்தார். "எவ்வளவு மிஞ்சுது?"

"மூணு" என்றாள் யுவேலான். குரல் தளரவில்லை. "நாளைக்கு வரைக்கும் விடுங்க. இதை நான் விடப் போறதில்லை."

முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

அந்தப் பெண்மணி எழுந்து வந்து மேசையிலிருந்த அட்டை போனை எடுத்தாள். பெட்டி அளவு பார்ப்பதற்காகச் செய்தது. பொழுது போகாமல் பெங் அதில் திரையும் மூன்று கேமராவும் அச்சடித்து ஒட்டியிருந்தான்.

"இது அடக்கம் எவ்வளவு?"

"அக்கா, அது வெறும் அட்டை. உள்ள ஒண்ணுமே கிடையாது."

"எனக்கும் கண்ணு தெரியுது. எவ்வளவு?"

"அரை யுவான்."

"அஞ்சு தரேன். மூவாயிரம் வேணும். சார்ஜர் ஒண்ணையும் பக்கத்துல வரைஞ்சுடு."

அடக்கத்தைப் போல் பத்து மடங்கு! முதலாளி துள்ளி எழுந்தார்.

பெங்குக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பேசாது, சிக்னல் கிடையாது... வாங்கினவங்க திரும்பி வந்து கத்தினா?"

அவள் விதைத் தோலைத் துப்பினாள்.

"சிங்மிங்குக்குக் கல்லறையில எரிச்சு, செத்தவங்களுக்கு அனுப்பறதுக்குப்பா. என் கடைச் சாமானை வாங்கிக்கிட்டவங்க இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்லை."