தாடிக்கு மேல் முகமூடி

இந்த வருஷம் ஸ்டோர் நாற்காலியில் உட்காராமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

போர்ட் லிங்கன் துறைமுகத்தில், சூரை மீன் படகுகளைச் செப்பனிடும் பட்டறையில் எனக்கு வேலை. படகின் ஃபைபர் உடம்பைத் தேய்க்க வேண்டும். தூசி உள்ளே போகாமல் இருக்க ரப்பர் முகமூடி. அதற்கு மேல் கண்ணாடி. அதற்கு மேல் காதுமூடி. எல்லாவற்றுக்கும் மேல் ஹெல்மெட். சாயங்காலம் நான் வீடு போய்ச் சேருமுன்பே என் தலைவலி போய் வாசலில் நிற்கும்.

தலைவலிக்கு உண்மையான காரணம் என் தாடி. தாடி மேல் ரப்பர் ஒட்டாது. முகமூடி போடுகிறவன் முகத்தை மழிக்க வேண்டும் என்பது சட்டம். நான் வாரைக் கடைசி வரை இழுத்துக் கட்டிச் சமாளித்தேன். மேஸ்திரி டேரல் கண்டும் காணாமல் இருந்தான்.

தாடியை எடுக்க முடியாது. எங்கள் கல்யாண விருந்தில் என் மனைவியின் தம்பி ஸ்ட்ராவ்கோ மைக்கைப் பிடித்து, "மாப்பிள்ளைக்கு முகவாய் வைக்க ஆண்டவன் மறந்துட்டான்" என்றான். ஊரே சிரித்தது. மறுநாள் சவரக் கத்தியைத் தூக்கி எறிந்தேன். அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தால், சமைத்த ஆக்டோபஸில் இருப்பதிலேயே சின்ன காலாகப் பார்த்து அவன் தட்டில் வைப்பேன்.

பட்டறையில் உட்கார்ந்தபடி முகமூடி, வடிகட்டி எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்க்காரர் ஓய்வு பெறுகிறார் என்று தெரிந்ததும் என் மனைவி நெவென்காவிடம் சொன்னேன். மத்தி மீன் பேக்டரி வேலையை விட்டதிலிருந்து அவள் வீட்டில் சுவரைப் பார்த்துச் சலித்துக் கிடந்தாள்.

"தலைவலின்னு சொல்லி அந்த நாற்காலிய வாங்கிடப் போறேன்."

"நல்ல யோசனைதான் யூரே. ஆனா ஸ்டோர்ல என்ன வேலைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? முகமூடியில மாட்டற வடிகட்டி இருக்கே, தூசிக்கு வெள்ளை. பெயின்ட் வாடைக்குப் பழுப்பு."

"ரெண்டும் சேர்ந்து வந்தா?"

"ரெண்டையும் சேர்த்து மாட்டணும்."

"எப்ப மாத்தணும்?"

என் மனைவி என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுவே முதல் தடவை. தினமும் சாப்பாடு முடிந்ததும் கேள்வி கேட்டு என்னைத் தயார் செய்தாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன்.

டேரலிடம் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தாடிய எடு. வாரைத் தளர்த்து. ஒரு வாரம் பாரு," என்றான். "அப்பவும் வலிச்சா நாற்காலி உனக்கு."

வீட்டில் குமுறினேன்.

"எடுத்துத் தொலையேன்," என்றாள் நெவென்கா. "தாடி திரும்ப முளைக்கும். நாற்காலி முளைக்குமா?"

எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். முகவாய் இருந்தது. சிறியதுதான், ஆனால் இருந்தது.

மறுநாள் பட்டறைக்கு நர்ஸ் வந்தாள். முகமூடியோடு என் தலைமேல் ஓர் உறையைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைப் பீய்ச்சினாள். நாக்கு கசந்தால் முகமூடி ஒழுகுகிறது என்று அர்த்தம். கசக்கவில்லை. வாரைத் தளர்த்திய பிறகும் கசக்கவில்லை.

சாயங்காலம் தலை வலிக்கவில்லை. எனக்குப் பகீரென்றது. வலி இருந்தபோது முனகுவது சுலபம். இல்லாதபோது முனகுவதற்குத் திறமை வேண்டும். ஈரத்துணியை நெற்றியில் போட்டு முனகினேன். நெவென்கா மீன் குழம்பு வைத்தாள்.

"மூணாவது தட்டு போகுது. தலைவலிக்காரன் இப்படித் தின்ன மாட்டானே?"

"வலி தலையிலம்மா. வயித்துல இல்ல."

வெள்ளிக்கிழமை முகத்தைக் கோணிக்கொண்டு டேரலிடம் போனேன்.

"இன்னும் வலிக்குது, டேரல்."

"நாற்காலிக்கு ஆள் போட்டாச்சு, யூரே. நேத்து ஒரு அம்மா வந்தாங்க. எந்த வடிகட்டிய எப்ப மாத்தணும்னு எனக்கே பாடம் எடுத்தாங்க. யாரு கத்துக் கொடுத்தான்னு கேட்டேன். வீட்டுக்காரராம்." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான். "அவருக்குத் தலைவலி சுத்தமா விட்டுப் போச்சாம். மூணு தட்டு சாப்பிடறாராம்."

வீட்டுக்குப் பறந்தேன்.

"என் நாற்காலிய எடுத்துக்கிட்டியே, இது நியாயமா?"

"உன் தலைவலியையும் எடுத்தேனே. அதுக்கு ஒரு நன்றி சொன்னியா?" வேலைக்குப் போட்டுக்கொள்ள வாங்கிய புது ஷூவை நடந்து பார்த்தபடி சொன்னாள். "சுவரைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த தலைவலி இருக்கே, அதை நீ என்னைக்காவது கேட்டியா?"

தலை இளவட்டத்தின் தலை மாதிரி லேசாக இருந்தது. இனி இரண்டு பேரும் ஒரே காரில் போகலாம். இதையெல்லாம் அவளிடம் ஒப்புக்கொள்ள முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ராவ்கோ வந்தான். என் முகத்தையே பார்த்தான்.

"நல்லாத்தானே மாமா இருக்கு? எதுக்கு இத்தனை காலம் மூடி வச்சீங்க?"

அவன்மேல் புதிதாக ஒரு கோபம் கிடைத்தது.

திங்கட்கிழமை ஸ்டோர் ஜன்னல் முன் வரிசையில் நின்றேன். உள்ளே நாற்காலியில் நீலச் சட்டையில் நெவென்கா. முகமூடி வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. எட்டி என் தாடையில் கட்டைவிரலை ஓட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத மரியாதை அப்போது கிடைத்தது.

"சொரசொரன்னு இருக்குங்க. போய் ஒழுங்கா மழிச்சிட்டு வாங்க. அடுத்தது யாரு?"