அணைய மறுத்த பிரேக் லைட்

இனி மெக்கானிக் முகத்திலேயே விழிப்பதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை சபதம் எடுத்தேன். தூண்டிவிட்டது பக்கத்து வீட்டுக்காரர்.

"சார், நீங்க பிரேக் போட்டா பின்னாடி லைட்டே எரியல. நேத்து உங்க முதுகுல ஏறியிருப்பேன்!"

மறுநாள் அந்தக் காரில்தான் என் மனைவி மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். லாரிகள் பறக்கிற சாலை.

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமே?" என்றாள்.

"சுண்டுவிரல் அளவு சுவிட்ச். அதை மாத்த ஒரு மெக்கானிக்கா? நான் இருக்கேன்ல?"

"அதாங்க பயமா இருக்கு."

கடைக்கு ஓடிப் புது சுவிட்ச் வாங்கி வந்தேன். பழசு பிரேக் மிதிக்கு மேலே, இருட்டில் பதுங்கியிருந்தது. அதைப் பார்க்க, கால் வைக்கும் இடத்தில் தலையை வைத்தாக வேண்டும். வைத்தேன். என் கால்கள் கதவுக்கு வெளியே தொங்கின. தெருவில் போன யாரோ, "ஆளு உயிரோட இருக்காரா?" என்று விசாரித்தார்கள்.

"இப்போதைக்கு இருக்கார்" என்றாள் மனைவி.

பழசைப் பிடுங்கினேன். புதுசைத் திணித்தேன். எழுந்து உட்கார்ந்து, பிரேக்கை ஓங்கி மிதித்தேன். மனைவி வண்டிக்குப் பின்னால் நின்றாள்.

"எரியுதா?"

"எரியுது!"

"பார்த்தியா! யாரு கை வச்சது?"

"சரி, காலை எடுங்க."

"எடுத்துட்டேன்."

"இன்னும் எரியுதே?"

"எடுத்துட்டேன்மா!"

"எந்தக் காலை?"

"ரெண்டையும்!"

சாவியை உருவினேன். அப்போதும் எரிந்தது. இதுவரை எரியாதது லைட்டுக்குப் பிரச்சினை. இனி எரிவது பேட்டரிக்குப் பிரச்சினை. விடிவதற்குள் பேட்டரி செத்துவிடும். சுவிட்சை முறைத்தேன், தட்டினேன், கெஞ்சினேன். அது கொஞ்சமும் மசியவில்லை.

"மூஞ்சியெல்லாம் கரி. முதல்ல போய்க் குளிங்க" என்றாள். "சோப்பை ரெண்டு தடவை போடுங்க. முதுகையும் தேய்ங்க."

என்ன கரிசனம்! கண்ணே கலங்கிவிட்டது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே, மெக்கானிக்கிடம் எந்த முகத்தோடு போவது என்று யோசித்தேன். சபதம் எடுத்து அரை நாள்கூட ஆகவில்லை.

துண்டோடு வாசலுக்கு வந்தேன். லைட் அணைந்திருந்தது! பேட்டரி போய்விட்டதோ என்று பதறி, பிரேக்கை மிதித்தேன். வண்டிக்குப் பின்னால் இருந்த சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. காலை எடுத்தேன். மறைந்தது. மிதித்தேன், எடுத்தேன், மிதித்தேன். அப்பாடா! நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. அம்மாவும் பெண்ணும் நாளை நிம்மதியாகப் போகலாம்.

"புது சுவிட்ச் இல்லையா? செட்டாக கொஞ்ச நேரம் பிடிக்கும்" என்று விளக்கினேன்.

"ஆமாங்க. நீங்க கை வச்சா சும்மாவா?" என்றாள் மனைவி, சிரிக்காமல்.

அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டுக்காரர் சாவியோடு வந்தார். "என் வண்டிலயும் இதே தொல்லை சார், லைட் அணையவே மாட்டேங்குது."

"அதுக்கென்ன, பார்த்துடுவோம்!" என்று கையை நீட்டினேன்.

அவர் சட்டென்று சாவியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, உங்களுக்கு இல்ல சார், அக்காவுக்கு! உங்களைக் குளிக்க அனுப்பிட்டு, அஞ்சே நிமிஷத்துல சரி பண்ணிட்டாங்களே!"